முனிக்கு லீவு

வா மருமகனே. கொழும்புல ரயிலேறி, கிட்டத்தட்டப் பத்து மணித்தியாலம் குந்தி வந்திருக்க. புள்ளைக ரெண்டும் ஃபோனவிட்டுத் தலை நிமிரலயாமே? நல்ல பழக்கம். இஸ்தோப்புலயே உக்கார வையி. வெளிய கூட்டிட்டுப் போனா கேள்வி கேக்கும். அப்புறம் நீ வாயத் தொறக்கணும்.

நாளைக்கு எல்லாவுல ராவணன் குகைக்குப் போறீங்களாம். போங்க போங்க. பத்துத் தலைக்கும் ஒரே டிக்கெட்டான்னு கேட்டுட்டு வா.

வர்ற வழியில தெமோதரையில நீயும் தூங்கியிருப்ப. ஸ்டேசன விட்டுக் கிளம்புன ரயிலு மலைய ஒரு சுத்துச் சுத்தி, அதே ஸ்டேசனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துல வெளிய வரும். ஒரு கங்காணி தலப்பாவ அவுத்துத் திரும்பக் கட்டுனதப் பாத்துத்தான் இஞ்சினியருக்கு அந்த யோசனை வந்துச்சுன்னு ஊர்ல ஒரு கதை. பதுளைக்கு ரயில் வந்தது 1924ல. தலப்பா கதை இன்னும் ஓடுது. புள்ளைக்கிட்ட கங்காணியச் சொன்னா வெளங்காது. மலைக்குள்ள ஒரு பாம்பு, தன் வாலத் தேடிப் போகுதுன்னு சொல்லு. சன்னல விட்டு நகராது.

கதை சொல்றதுக்கும் ஒரு பக்குவம் இருக்கு. மூடுபனி எறங்குற நேரம் பாத்து பீலிக்கரைக்குக் கூட்டிட்டுப் போ. சத்தத்தக் கொறச்சுப் பேசு. நீ கத்துனா பேய் பயந்துரும். தேயிலைச் செடி ஒண்ணு அசைஞ்சா கதைய அப்படியே நிப்பாட்டு. மிச்சத்தப் புள்ளையே கட்டும்.

பக்டரிக்குள்ள ரோதை முனி இருக்காரே, கதை சொல்ல ஆளில்லாம அவரும் இப்ப லீவுலதான் இருக்காரு. சுத்துற ரோதைக்குக் கிட்டப் போகாதேன்னு சொன்னா எந்தப் புள்ள கேட்டுச்சு? உள்ள முனி குந்தியிருக்காருன்னு சொன்னா பத்தடி தள்ளி நிக்கும். பெரியவங்களும் சூடங் கொளுத்திட்டுத்தான் மெசின்ல கை வைப்பாங்க.

வெள்ளக்காரன் கதையும் நம்மகிட்ட இருக்கு. ரோஜர்ஸ் துரைன்னு ஒருத்தரு, பதுளைய ஆண்டவரு, ஆயிரத்துக்கு மேல யானையச் சுட்டவரு. 1845ல அப்புத்தளையில இடி விழுந்து செத்தாரு. பதுளை சென் மார்க்ஸ் கோயில் அவர் ஞாபகமா எழுப்புனதுதான். எங்க வீட்டுப் பேரன்கிட்ட இதச் சொன்னேன். வானத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "செத்த யானையெல்லாம் மேகமாப் போய் மேல காத்துக்கிட்டு நின்னிருக்கு தாத்தா"ன்னான். நான் சொல்லிக் குடுக்கல. கரிமேகம் வந்தா இப்ப எனக்கும் தும்பிக்கை தெரியுது, என்னத்தச் சொல்ல.

சின்ன வயசுல நீ மட்டும் பெரிய தைரியசாலியா? மாசி அமாவாசை கழிஞ்சு காமன் பொட்டல்ல கம்பு ஊனி, ராத்திரி கூத்து நடக்கும். ஒரு வருசம் அப்படித்தான் தப்புச் சத்தம் ஏறுச்சு. எமன் வேசங் கட்டி வந்தது உன் சொந்தச் சின்னப்பா. அவர் கால்ல இருந்த கிழிஞ்ச செருப்பப் பாத்தும் நீ நம்பல. உங்கம்மா சேலைக்குள்ள பூந்தவன வெளிய எடுக்க விடிஞ்சு போச்சு. மறுநா அதே எமனுக்குத் தேத்தண்ணி கொண்டு போய்க் குடுத்தியே, கை நடுங்க.

சரி, சின்னவ எங்க? பீலிக்கரையிலயா? கூப்பிடாத, கூப்பிடாத. செடிக்குள்ள பாத்து யாரையோ வெரட்டிக்கிட்டு இருக்கா. ஃபோனு அந்தா சும்மாதான் கெடக்குது. நீ எடுத்துப் பாரு.