மருமவனே, ஊசியைக் கொஞ்சம் கீழ வை

லேய் மருமவனே, மாட்டு டாக்டராகி திருவனந்தபுரத்துல கிளினிக்கு போட்டிருக்க, சந்தோஷம். குதிரை முட்டுக்கு ஸ்டெம் செல் ஊசி போடப் போறதா ஒங்க அம்மை வாயெல்லாம் பல்லாச் சொன்னா. போடு, நான் வேண்டாம்னா சொன்னேன்? மாமன் முட்டுக்கு இன்னும் காயத்திருமேனி எண்ணெய்தான். குதிரைக்காவது யோகம் அடிக்கட்டும்.

நீ சொன்னதெல்லாம் கேட்டேன், வெளங்காதவன்னு நெனச்சிராத. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கெடையாது, தேஞ்சா லேசுல ஆறாது. அதுக்குக் குதிரை ரத்தத்தையே எடுத்து, மிஷின்ல சுத்தவிட்டு, தட்டணுவை மட்டும் சேத்து, அது முட்டுக்குள்ளேயே ஏத்துறது பி.ஆர்.பி. தன்கிட்டயே கடன் வாங்கித் தனக்கே வட்டி கொடுக்குற ஏற்பாடு. நம்ம குடும்பத்து ஆளுதான் கண்டுபிடிச்சிருப்பான். ஸ்டெம் செல்லு அதுக்கும் மேல. 2019-ல ஐரோப்பாக்காரன் ‘ஆர்ட்டி-செல் ஃபோர்ட்’டுன்னு ஒரு மருந்துக்கு அனுமதி குடுத்தான். வேற குதிரை ரத்தத்துல எடுத்து வளத்த செல்லு. லேசா, நடுத்தரமா நொண்டுற குதிரைக்குன்னு போட்டிருக்கான். மொத்தமாத் தேஞ்சு போனதுக்குன்னு போடல்ல. அந்த எடத்தை மட்டும் நீ வாயில முணுமுணுத்துட்டுத் தாண்டிட்ட.

ஊர்ல மூளைக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில இருக்குற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்து ஆளுவ மனுச நெஞ்சுக்கே வால்வு செஞ்சவங்க. 1990-லயே அதை வச்சுத் தச்சாச்சு. பன்னிப் பித்தப்பையில உள்ள செல்லையெல்லாம் கழுவிக் கழிச்சிட்டு, மிச்சத்தைப் புண்ணாத்துற மருந்தாக்கினதும் அவங்கதான்.

பஞ்சம் மெத்துன்னு இருக்குற தரைக்குத்தான். நிக்கிற குதிரையோட எடையில நூத்துக்கு அறுபது முன்னங்கால் ரெண்டுலயும் எறங்குது. 450 கிலோ குதிரைன்னா 270 கிலோ. கண்ணேற்றுமுக்கு லாயத்துப் போலீஸ் குதிரை ரோந்து போவும்பம் தாரு ரோட்டுல டக்கு டக்குன்னு கேக்கும்லா? கேக்குறவனுக்குக் கம்பீரம். முட்டுக்கு ஒவ்வொரு டக்கும் ஒரு அடி.

ஆனைக்கும் ஊசி கொண்டு போவேன்னியாமே! செங்கல்லூர் தாக்ஷாயணி ஞாபகம் இருக்கா? கஜ முத்தச்சின்னு பேரு வாங்கின ஆனைப் பாட்டி. 2019 பிப்ரவரியில போவும்பம் 88 வயசுன்னு கணக்கு சொன்னாங்க. கடசி வருசங்கள்ல நடக்கவே செரமம், கோயில் எழுந்நள்ளிப்புக்குப் போவல்ல. அன்னாசியும் கேரட்டும் நறுக்கிக் குடுத்துப் பாத்துக்கிட்டாங்க. அந்த வயசுல நாலு முட்டுல எதுக்குடா ஊசி போடுவ? போட்டாலும் ‘ரெண்டு மாசம் கால் ஊணாத’ன்னு ஆனைகிட்ட சீட்டு எழுதிக் குடுப்பியோ?

ஒங்கிட்ட எவன் வருவான்னு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குக் குதிரை விடுறவன் வருவான். முட்டு எப்படியிருக்குன்னு கேக்கமாட்டான், எப்பம் மாப்பிள்ளையை ஏத்தலாம்னு கேப்பான். பாவம், நொண்டினாத்தான் குதிரைக்கு லீவு. நீ நோவை மட்டும் அடக்கி விட்டா, அடுத்த முகூர்த்தத்துல பேண்டு வாத்தியத்துக்கு நடுவுல நிக்கும். மறுவாரம் முட்டு பூசணிக்காயா வீங்கும், பழி ஸ்டெம் செல்லுக்கு வரும்.

அதனால பீஸை முன்கூட்டியே வாங்கிரு. லாயத்துக் காங்கிரீட்டு மேல மணலோ ரப்பர் பாயோ போடச் சொல்லு. குதிரை தடிச்சிருந்தா கொள்ளைக் கொறைக்கச் சொல்லு. லாடக்காரனைக் கூட்டிட்டு வந்து குளம்பைச் சமமாச் சீவச் சொல்லு. இதெல்லாம் நடந்திருக்கான்னு நேர்ல போய்ப் பாத்தப்புறம் ஊசியைத் தொடு. ஊசி வெலையைக் கேட்டுக் கண்ணு சிமிட்டாதவன், ரெண்டு லோடு மணலுன்னதும் எப்படித் தலையைச் சொறியுதான்னு பாரு.