குளிர் வைத்தியம்

கார் ஏசிக்கு எந்த நோய் வந்தாலும் ஒரே மருந்து: கேஸ் நிரப்புவது. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் அனல் அடிக்கிறதா? கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று எட்டிப் பார்ப்பது மெக்கானிக்கின் கௌரவத்துக்கு இழுக்கு. ஃபியூஸ், ரிலே போன்ற சில்லறைச் சமாசாரங்களை அவர் தொடலாமா? மூடிய குழாய்க்குள் சுற்றும் ஆர்-134ஏ பெட்ரோல்போல எரிந்து தீராது என்பதெல்லாம் புத்தகம் படித்தவர்கள் கிளப்பிய புரளி.

மூன்று முறை கேஸ் குடித்தும் கார் குளிராததால், ரிலேயைக் கழற்றி எறிந்துவிட்டு, பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேரடியாக ஒயர் இழுத்தார். அடடா, சாவியை எடுத்த பிறகும் ஓயாத உழைப்பு! விடிய விடியச் சுற்றியது. காலையில் கார் மூச்சுவிடவில்லை. பானெட்டைத் திறந்தவர் பெருமிதத்தோடு சொன்னார்: "நம்ம ஃபேன் வேகத்துக்கு இந்த பேட்டரி தாங்காது சார். லாரி பேட்டரி போட்டுரலாம்."