ரத்தம் இன்னா ஆச்சி?

பாலவாக்கம் குப்பத்தில் ஒரு மதியம். மருத்துவ ஆய்வுக்காகக் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்த தம்பி, பன்னிரண்டு பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டினார். வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்த ஆயா, செதில் ஒட்டிய கையைத் துடைக்காமலே கேட்டார்: "போன வாட்டி எடுத்துனு போன ரத்தம் இன்னா ஆச்சி கண்ணு? சுகரு கீதா, இல்லியா?" தம்பி படிவத்தைப் புரட்டினார். இந்தக் கேள்வி அதில் இல்லை.

இதே ஊரில் முன்பு ஆய்வு இப்படி இல்லை. 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வில், பணியாளர்கள் ஏழைகளின் வீடு தேடிப்போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தே குணமாகலாம், சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனை தேவையில்லை என்று 1959-இல் உலகத்துக்கே சொன்னது அந்த ஆய்வு.

இப்போது 'ஆய்வில் சமூக நம்பிக்கையை வளர்ப்பது எப்படி' என்று ஏசி அறையில் பயிலரங்கம் நடக்கிறது. ஆயாவுக்கு அழைப்பில்லை. அவர் நறுக்கிய வஞ்சிரம் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தது.