என்எஃப்எஸ் மந்தவியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஒரு யூனிக்ஸ் கணினியின் கோப்புகளை இன்னொரு கணினி தன்னுடையவைபோல் ஆளும் என்எஃப்எஸ் ஏற்பாடு 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸிலிருந்து வந்தது. அது மெதுவாக இருக்கிறது என்னும் முறையீட்டுக்கும் ஏறத்தாழ அதே வயது இருக்க வேண்டும். ஆயினும் இம்மந்தத்தைத் தனித்துறையாக்கி ஆராய்வார் இலர். நெட்வொர்க்காரர் சர்வரையும் சர்வர்க்காரர் நெட்வொர்க்கையும் கைகாட்டுவதோடு மரபு நின்றுவிடுகிறது. இக்கட்டுரையின் துணிபு ஒன்றே: என்எஃப்எஸ் மந்தமாவது பெரும்பாலும் கேபிளின் குறுகலால் அன்று, கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை கைகட்டி நிற்பதால்.

“ஜிகாபிட் கேபிளில் பெரிய கோப்பு எஸ்சிபி வழியே பறக்கிறதே, அதற்கென்ன சொல்வீர்?” என்பார்க்கு விடை: பறக்கும், அதுவே எம் கட்சிக்குச் சான்று. பத்தாயிரம் சிறு கோப்புகள் கொண்ட டார் மூட்டை ஒன்றை என்எஃப்எஸ் டைரக்டரியில் அவிழ்த்துப் பார்க்க. பெயரைத் தேடு, கோப்பை உருவாக்கு, எழுது என ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று கேள்விகள். டாரோ ஒரு கோப்பு முடியாமல் அடுத்ததைத் தொடாத சாது. ஒரு கேள்வி போய்வர ஒரு மில்லிநொடி என்று கொண்டாலே 30 நொடி வெறுங்காத்திருப்பு. இதன்மேல், ‘எழுதியாயிற்று’ என்று சொல்லுமுன் சர்வர் டிஸ்கில் மெய்யாகவே எழுதியிருக்க வேண்டும் என்ற நேர்மை வேறு. அரிசியை மூட்டையாகத் தூக்கிப் போவதும் மணிக்கொரு ரசீது வாங்கிப் போவதும் ஒரே தெருவில்தான் நடக்கின்றன. தெருவை அகலப்படுத்தினால் ரசீது சீக்கிரம் வராது. ஒரு கேள்வியில் படிக்கும், எழுதும் அளவுகளான ஆர்சைஸ், டபிள்யூசைஸ் ஆகியவற்றை ஏற்றுக என்பாரும் உளர். பெரிய கோப்புக்கு அது நன்மருந்து. ஆனால் 2 கேபி கோப்பு 1 எம்பி ஆர்சைஸைக் கண்டு வளர்ந்துவிடாது.

“கேபிளே பழுதாயின்?” என்பது அடுத்த தடை. வலுவான தடைதான், ஆயினும் அங்கும் கொல்வது காத்திருப்பே. பழைய யூடிபி மவுன்டில் 8 கேபி எழுதும் கேள்வி ஒன்று ஈதர்நெட்டில் ஆறு துண்டாகப் போகும். ஒரு துண்டு தொலைந்தால் ஆறும் வீண். அது தொலைந்ததை அக்கால லினக்ஸ் கிளையன்ட் உணர்ந்ததோ, வழக்கமான அமைப்பில், 0.7 நொடி கழித்து. மில்லிநொடிக்கொன்றாக முடியும் நூறு கேள்விகளில் ஒன்றே ஒன்று தொலைந்தாலும் 0.1 நொடி வேலை 0.8 நொடியாகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாயிருக்கும் கேபிள், எட்டு மடங்கு மந்தம்! ஸ்விட்சில் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டாயப்படுத்திவிட்டுக் கணினியை ஆட்டோவில் விட்டால் இந்நோய் தவறாமல் வரும். பேசிமுடிக்க ஆளின்றி அக்கணினி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். அப்போதும் பிங் ‘எல்லாம் நலம்’ என்றே சாதிக்கும். என்னை? அது நொடிக்கொன்றாகச் சிறு பாக்கெட்டை அனுப்புவது. நெரிசலில் சிக்காத சாட்சி எப்படி நெரிசலைச் சொல்லும்? யூடிபி மவுன்டில், திரும்ப அனுப்பிய கேள்விகளை எண்ணி என்எஃப்எஸ்ஸ்டாட் காட்டும் ரீட்ரான்ஸ் எண்ணே நம்பத்தக்க சாட்சி. அது ஏறிக்கொண்டிருந்தால் கேபிளையும் ஸ்விட்சையும் பார்க்க. அசையாமல் நின்றால் கேள்விகளை எண்ணுக.

எஞ்சியது ஏசிங்க் கட்சி. எக்ஸ்போர்ட்டில் ஏசிங்க் என்று எழுதினால் மந்தம் பறந்தோடும் என்பர். ஓடும், காத்திருப்பை நீக்கினால் நோய் நீங்குமென்னும் எம் துணிபை அவர்களே மெய்ப்பித்துத் தருகிறார்கள். ஆனால் அங்கே சர்வர், எழுதாததை எழுதியதாகச் சொல்கிறது. லினக்ஸின் என்எஃப்எஸ்-யூட்டில்ஸ், 1.0.0க்குப் பின்வந்த பதிப்புகளில், ஒன்றும் சொல்லாவிட்டால் சிங்க் என்றே கொள்வது இதனாலேயே. ஏசிங்க் கட்சியில் சேர்வோர் முதற்கண் யூபிஎஸ் பேட்டரியின் வயதை விசாரித்துக்கொள்க.