தலைகுந்தாவில் ஒரு டீசல் அம்பாசடர்

மார்கழி விடியலில் ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்நேரம் பழைய டீசல் அம்பாசடர் ஒன்று கிளம்ப மறுத்தால் போதும், வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். மஃப்ளர் கட்டிய முதல் நிபுணர், வண்டியைத் தொடாமலே "பேட்டரி போச்சுண்ணே" என்பார். அடுத்தவர் பம்ப்பை இறக்கச் சொல்வார். அவர் மைத்துனர் பம்ப் மெக்கானிக் என்பது தற்செயல்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 20-இல் ஒரு பங்காக நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிக்கவேண்டும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும் என்பதால்தான் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் ப்ளக். கூட்டத்தில் அதன் பெயரை மட்டும் யாரும் எடுக்கமாட்டார்கள். விலை குறைந்த சாமான், மரியாதை அவ்வளவுதான்.

இத்தனைக்கும் சைலன்சரே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றி வெள்ளைப் புகை வந்தால், டீசல் வருகிறது, எரியவில்லை. ஹீட்டர் ப்ளக்கைப் பார்க்கலாம். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் போதும். ப்ளக்கின் ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவுக்கும் ப்ளக் முனைக்கும் நடுவே பிடித்தால், செத்த ப்ளக்கில் விளக்கு எரியாது. புகையே இல்லையா? டீசல் போகவில்லை, லைனில் ஏர் பிடித்திருக்கலாம். ஸ்டார்ட்டர் முனகினால்தான் பேட்டரியும் எர்த் ஒயரும்.

இதையெல்லாம் சொல்ல அங்கே யாருக்கு அவகாசம்? பத்து மணிக்கு வெயில் ஏறியதும் வண்டி தானே கிளம்பும். அந்த விநாடியில் பானெட்டில் கை வைத்திருந்தவருக்கு டீயும் வர்க்கியும் இலவசம்.