நகராத வண்டி

பனியால் வீதிகள் மறைந்துபோகும் ஐரோப்பிய ஹேமந்தத்தில் சைக்கிள் வீரர்கள் அறைக்குள் வண்டியை நிறுத்தி மிதிப்பது நியாயமே; ஆனால் மார்கழி விடியற்காலையிலும் வெப்பமானி 20 பாகையை ஒட்டியே நிற்கிற நம் திருவள்ளூர் ஜில்லாவில், அதே அனுஷ்டானத்தைக் குளிரின் பெயரால் மேற்கொள்ளும் அன்பர்களின் கற்பனை வளத்தை மெச்சாமலிருக்க முடியவில்லை. கார்த்திகை மழைக்கும் கல்கத்தா நெடுஞ்சாலையின் லாரிகளுக்கும் அஞ்சுவதாகச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

மிதிப்பவனின் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேர, எஞ்சியதெல்லாம் உஷ்ணமாகிச் சரீரத்தைத் தகிப்பதாலும், நகராத வண்டிக்கு எதிர்க்காற்று கிட்டாததாலும், குளிருக்குப் பயந்து உள்ளே வந்தவர் முதலில் வாங்கவேண்டியது மின்விசிறி என்பது விஞ்ஞானம். மணிக்கணக்கில் ஒரே கதியில் உழலாமல், நான்கு நிமிஷம் மூச்சிரைக்கவும் அடுத்த சில நிமிஷங்கள் சாவகாசமாகவும் மாறிமாறி மிதிப்பது அதிகப் பலன் தரும் என்கிறார்கள். சலிப்புக்குப் பரிகாரமாக எதிரே திரையில் ஆல்ப்ஸ் மலைப்பாதை ஓடும்.

ஜனங்கள் ஊர் போய்ச் சேரட்டும் என்றுதான் 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியதாக நான் எண்ணியிருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் விரையும் தொழிலாளியோ, விசிறியும் ஆல்ப்ஸும் இல்லாமலே இந்த அப்பியாசத்தை முடித்து, உபரியாக வேலைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.