வெல்டரும் ஏழாம் படியும்

இராயபுரத்தில் 1856-இல் ரயில் நிலையம் திறந்த காலந்தொட்டு இரும்போடு மல்லுக்கட்டுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட வடசென்னையிலிருந்து, அந்நாளில் ரங்கூனுக்குக் கப்பலேறிய முன்னோர்களிடம் இலக்கணப் பரீட்சை வைத்தார் எவருமில்லை. கையும் காலும் திடமாயிருந்தால் போதும்.

இன்றோ, எண்ணூரில் இருபது வருஷமாக வெல்டிங் செய்யும் நம் சிநேகிதர், கசடு தட்டியதும் மீன் செதில்போல வரிசையாய் மின்னும் தமது பற்றவைப்பு வரியை நம்பிக் கனடாவுக்கு மனுப்போட நினைத்தால், அவருடைய தொழில் முதலில் அந்நாட்டுத் தொழிற்பட்டியலில் 72106 என்ற இலக்கமாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்து, முகமூடிக்குள் வாய் திறக்க அவசியமே நேராத அம்மனிதர், கைத்தொழிலாளர் திட்டத்தின்படி மொழித்தேர்வில், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, பேசவும் கேட்கவும் ஐந்தாம் படி, வாசிக்கவும் எழுதவும் நான்காம் படி ஏறியாக வேண்டும். போதாக்குறைக்கு, பிரெஞ்சு பாஷையில் ஏழாம் படி ஏறிய புண்ணியவான்களுக்கு 2023 முதல் தனி அழைப்பு. அதற்கு மதிப்பெண் வரம்பும் பெரும்பாலும் தாழ்வு.

கனடாவில் ஒழுகும் குழாய் எந்தப் பாஷையில் ஒழுகுகிறதென்று நாம் கேட்கலாகாது. சிநேகிதர் இப்போது சனிக்கிழமைதோறும் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார். அன்றைக்குப் பட்டறை பூட்டியிருக்கும்.